மீட்டுப் பாராத பிரதி

திருவண்ணாமலையில் 1902-ஆம் ஆண்டில், ஒன்றையொன்று அறியாமல், பிரதி எடுக்கும் வேலைகள் இரண்டு நடந்தன. கீழே அருணாசலேசுவரர் ஆலயத்துச் சுவர்களில் இருந்த சாசனங்களை அரசாங்கக் கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுத்தார்கள். மேலே, விரூபாக்ஷ குகையில், பேச்சைத் துறந்திருந்த இளைஞரான ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற ரெவின்யூ இலாகா உத்தியோகஸ்தர் கேள்விகளைக் கேட்க, அவர் மணலில் விரலாலும், பின்பு பலகையிலும் காகிதத் துண்டிலுமாக எழுதிக் காட்டிய விடைகளைப் பிள்ளை தம் குறிப்பில் ஏற்றிக்கொண்டார். மணலில் எழுதியது மணலோடு போயிற்று. குறிப்பில் ஏறியது 1923-இல் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக அச்சாயிற்று.

மைப்படி எடுப்பதைப் பார்த்தவர்கள் அதன் பொறுமையை அறிவார்கள். கல்லை நன்றாகக் கழுவி, நனைந்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் காகிதம் இறங்கும் வரையில் தூரிகையால் தட்டித் தட்டி, பிறகு மையை ஒற்றினால், மேடான இடமெல்லாம் கறுப்பாகவும் எழுத்துகள் மட்டும் வெள்ளையாகவும் துலங்கும். காய்ந்தபின் அதை உரித்துச் சுருட்டிக்கொண்டு போகலாம். இவ்வாறு எடுத்த திருவண்ணாமலைச் சாசனங்கள் 1937-இல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ எட்டாம் தொகுதியில் அச்சேறின. 1990-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. ஒரே வாசகம் திருவண்ணாமலையில் கல்லாகவும், வெளியூர்க் கல்வெட்டு அலுவலகத்தில் மைப்படியாகவும், நூலகங்களில் அச்சாகவும் இருந்துவருவதனால், தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் திருப்பணி என்ற பெயரால் மணலை வீசிச் சுவரைச் சுத்தம் செய்து எழுத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்ட புண்ணியவான்களின் கைங்கரியத்தால்கூட அதை அடியோடு அழித்துவிட இயலாது.

நான் எழுத வந்த விஷயம் கல்வெட்டு அன்று, வீட்டுக் கம்ப்யூட்டர். ஆனால் பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 2005-இல் வெளியான தம் நூலில் மூன்று, இரண்டு, ஒன்று என்று வகுத்து, இன்று உலகமெங்கும் கம்ப்யூட்டர்க்காரர்கள் வேதவாக்காகச் சொல்லிவரும் விதி, நம் ஊர்ச் சாசனங்களின் விஷயத்தில் ஒருவரும் திட்டமிடாமலே நிறைவேறியிருக்கிறது. பிரதிகள் மூன்று, அவை இருக்கும் சாதனங்கள் இரண்டு வகை, பிரதிகளில் ஒன்றாவது வெளியூரில். இவ்வளவுதான் அந்த விதி. இதில் அசல் என்று நாம் நினைக்கிறோமே, கம்ப்யூட்டருக்குள் இருப்பது, அதுவும் மூன்றில் ஒன்று. ஆகவே புதிதாகச் செய்துகொள்ள வேண்டியவை இரண்டே.

ஹார்டு டிஸ்க் என்பது முதன்முதலாக 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராமாக் யந்திரத்தோடு வெளிவந்தபோது, ஐம்பது தட்டுகளைக் கொண்டு, ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையோடு, ஐம்பது லட்சம் எழுத்துகளைத் தாங்கிற்று. இன்று உள்ளங்கையில் அடங்குவது அதைப்போலப் பல லட்சம் மடங்கு தாங்குகிறது. அளவு மாறினாலும் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழல, அதைத் தொட்டும் தொடாமலும், ஒரு தலைமயிரின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், வாசிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கிறது. மின்சாரம் திடீரென்று அறுந்தாலோ, ஓடிக்கொண்டிருக்கையில் லேப்டாப் மேஜையிலிருந்து விழுந்தாலோ, அல்லது வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்தாலோ, அந்த முனை தட்டைத் தீண்டிவிட்டால், தீண்டிய இடத்துப் பூச்சு தூளாகிறது. தூள் பறந்து அடுத்த இடத்தையும் கீறுகிறது. அப்போது பெட்டிக்குள்ளிருந்து பல்லி சொல்வதைப் போல டிக், டிக் என்று ஒரு சப்தம் விட்டுவிட்டுக் கேட்கும். பஞ்சாங்கத்துப் பல்லி சாஸ்திரத்தில் திசைக்கு ஒரு பலன் உண்டு, நல்லதும் இருக்கும். இந்தப் பல்லிக்கு எந்தத் திசையிலும் ஒரே பலன்தான்.

இப்போது பெரும்பாலான லேப்டாப்புகளில் இருக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பே கிடையாது. அது விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் போகும்போது சொல்லாமல் போகும். நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடியது இன்று காலை ‘டிரைவே இல்லை’ என்று திரையில் எழுதிக் காட்டும். அழித்த கோப்புகளை அது தானாகவே பின்னணியில் துடைத்துவிடும் வழக்கமுடையது ஆதலால், தவறி அழித்ததை மீட்பதும் பழைய டிஸ்க்கைக் காட்டிலும் அரிது. மின்சாரம் ஏற்றாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் போட்டுவைத்தால் அதில் தங்கிய மின்னேற்றம் மெல்லக் கசிந்துபோகும் இயல்பும் அதற்கு உண்டு. பென்டிரைவும் இதே ஜாதிதான். எடுத்து வைத்துப் பாதுகாக்கும் பிரதிக்கு, சுழலும் தட்டுள்ள பழைய பாணி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கே இன்னும் சிலாக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

அந்த டிக், டிக் சப்தம் கேட்ட பிறகு ஜனங்கள் செய்யும் காரியங்களில் பலவும் சாவைத் துரிதப்படுத்துபவை. நாலு தடவை ஆஃப் செய்து ஆன் செய்வது, தட்டிப் பார்ப்பது, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவது, எவரோ சொன்னார் என்று டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரிட்ஜில் வைப்பது. குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் நம் சித்திரை வெயில் காற்றின் ஈரம் தட்டின்மேல் வியர்த்து நின்று, மிச்சமிருந்ததையும் போக்கும். செய்யத்தக்கது ஒன்றே: உடனே நிறுத்திவிடுவது. உள்ளே உள்ளது பணத்தால் அளவிட முடியாததாக இருந்தால், தூசு நீக்கிய சுத்த அறை வைத்திருக்கும் மீட்பு நிலையங்கள் சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் உண்டு. கட்டணம் புது டிஸ்க்கின் விலையைப்போலப் பல மடங்காகும், வெற்றிக்கு உத்தரவாதமும் கிடையாது. திருகாணியைக் கழற்றி உள்ளே பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் டிஸ்க்கைக் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தேரடி வீதியானாலும் செங்கம் சாலையானாலும், எந்தச் சர்வீஸ் கடையிலும் இந்தச் சம்பாஷணை நடக்காத வாரம் இராது.

“சார், பேக்கப் இருக்குதுங்களா?”

“இருக்குது தம்பி, எல்லாத்தையும் டெஸ்க்டாப்லயே தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சிருக்கேன்.”

“அது போன டிஸ்க்லதானே சார் இருக்கும்?”

இதற்கு மேல் பதில் வராது. ஒரே டிஸ்க்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்து, சி-யில் இருப்பதை டி-யில் படி எடுத்துவைத்து நிம்மதியாக இருப்பவர்களின் கதையும் இதுவே. திரையில் இரண்டாகத் தெரிவது உள்ளே ஒரே தட்டு.

எதைப் படி எடுப்பது என்பதில் இரண்டு மார்க்கங்கள் உள்ளன, இரண்டும் வேண்டும். ஒன்று, நம் கோப்புகளை மட்டும் அவ்வப்போது படியெடுத்துக்கொள்வது. விண்டோஸில் ‘ஃபைல் ஹிஸ்டரி’ என்றும், ஆப்பிளில் ‘டைம் மெஷின்’ என்றும் இதற்கு ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது, பழைய பதிப்புகளையும் அவை சேர்த்து வைக்கும். மற்றது, டிஸ்க்கு முழுவதையும், விண்டோஸ், மென்பொருள், அமைப்புகள் சகலத்தோடும், ஒரே பிம்பமாக எடுப்பது. இதைச் ‘சிஸ்டம் இமேஜ்’ என்கிறார்கள். கண்ட்ரோல் பேனலில் இன்னும் ‘விண்டோஸ் 7’ என்ற பழம் பெயரோடு ஒதுங்கிக் கிடக்கும் பேக்கப் பகுதியிலும் இதைச் செய்யலாம். குளோன்ஜில்லா போன்ற இலவசக் கருவிகளும் உண்டு. முன்னது மாதந்தோறும், முடிந்தால் வாரந்தோறும் செய்ய வேண்டியது; பின்னது வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை போதும்.

கோப்புகள் என்றதும் ‘டாக்குமெண்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ என்ற இரண்டு ஃபோல்டர்களோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். கடை வைத்திருப்பவரின் டாலி கணக்கு அங்கே இருப்பதில்லை. அது தனக்கென்று வேறொரு ஃபோல்டரில் குடியிருக்கும், அதைத் தேடிச் சேர்க்க வேண்டும். இவற்றுக்கும் மேலாக நம்மவர்களுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. அதை வெளிநாட்டார் எழுதிய எந்த வழிகாட்டியிலும் காண முடியாது. கோயில் அழைப்பிதழ், பத்திரம், பாடக் குறிப்பு, குடும்ப வரலாறு என்று நாம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு தட்டச்சு செய்தவற்றில் பெரும்பகுதி யூனிகோடில் இல்லை. பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் இருக்கிறது. கோப்பு ஒரு புள்ளி குறையாமல் மீண்டுவந்தாலும், அந்த எழுத்துரு புதிய கம்ப்யூட்டரில் இல்லையென்றால், திறந்தவுடன் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் குழம்பிக் கிடக்கும் ஒரு பக்கமே காட்சி தரும். ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று எண்ணி அழித்துவிட்டவர்களும் உண்டு. அது கெடவில்லை, படிக்கும் கண் வரவில்லை, அவ்வளவே. எனவே ‘ஃபாண்ட்ஸ்’ என்ற ஃபோல்டரும், தட்டச்சு மென்பொருளை நிறுவும் மூலக் கோப்பும் பிரதியில் இடம்பெற வேண்டும். அவகாசமுள்ளவர்கள் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியே வைத்துவிடுவது இன்னும் உத்தமம்.

பிரதி எங்கே இருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருப்பது சௌகரியந்தான். ஆனால் 2017 மே மாதத்தில் உலகைக் கலக்கிய வான்னாக்ரை போன்ற நச்சு நிரல்கள் கம்ப்யூட்டரில் உள்ளதைப் பூட்டும்போது, செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். மின்னல் வழியாக வரும் மிகை மின்சாரமும் இரண்டையும் ஒன்றாகவே எரிக்கும். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். கழற்றி அதே மேஜையில் வைத்தால் திருடனுக்கு இரண்டு தடவை வரும் சிரமம் மிச்சமாகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஊரை விட்டே ஒரு பிரதி வெளியே இருக்க வேண்டும் என்பதை அதீத எச்சரிக்கை என்று சொல்ல இப்போது எனக்கு மனம் வரவில்லை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், அண்ணாமலையின் சரிவிலிருந்து பாறையும் மண்ணும் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் இறங்கி ஏழு உயிர்களைக் கொண்டுபோயின. அந்த இழப்புக்கு முன்னால் டிஸ்க்கைப் பற்றிப் பேசுவதே அற்பம். ஆயினும் வீடு என்பது அழியாத இடமன்று என்பதை அந்த நாள் இவ்வூருக்குக் காட்டிற்று. பெரிய அரசாங்கங்களும் இதில் சறுக்குகின்றன. தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசாங்கத் தரவு மையம் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி தீப்பற்றியபோது, அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ‘ஜி-டிரைவ்’ என்ற களஞ்சியத்தில் 858 டெராபைட் வெந்துபோயிற்று. வெளியே அதற்குப் பிரதி இல்லை.

போளூரிலோ ஆரணியிலோ இருக்கும் தங்கை வீட்டில் ஒரு டிஸ்க்கைக் கொடுத்துவைத்து, பொங்கலுக்கும் தீபத்துக்கும் போய்வரும்போது மாற்றிக்கொள்வது செலவில்லாத ஏற்பாடு. கடவுச்சொல் இட்டுப் பூட்டிக் கொடுப்பது மரியாதைக் குறைவாகாது. இணைய மேகத்தில் வைப்பதும் வெளியூர்ப் பிரதிதான். கூகுள் 15 ஜி.பி. வரையிலும், மைக்ரோசாஃப்ட் 5 ஜி.பி. வரையிலும் இனாமாகத் தருகின்றன. ஆனால் ஒரு பேதத்தை அறிந்துகொள்ள வேண்டும்: இவை கம்ப்யூட்டரில் நடப்பதை அப்படியே பின்பற்றும் தன்மையுள்ளவை, இங்கே பேரப்பிள்ளை ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அது அழியும், சில வாரங்கள் குப்பைத்தொட்டியில் கிடந்துவிட்டுப் பிறகு மறையும். இதை மட்டும் நம்பி இருப்பது கூடாது.

இனி மீட்கும் படலம். புது டிஸ்க்கு வாங்கிப் பொருத்தியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸின் இமேஜை இறக்க, புது டிஸ்க்கு பழையதன் அளவாவது இருக்க வேண்டும். பழையது 1 டெராபைட்டாக இருந்து, அதில் கால் பங்கே நிரம்பியிருந்தாலும், 512 ஜி.பி. டிஸ்க்கில் இறங்க அது மறுக்கும். கம்ப்யூட்டரைத் துவக்க 8 ஜி.பி.யாவது கொண்ட ஒரு பென்டிரைவ் தேவை. அதை மைக்ரோசாஃப்ட் தரும் கருவியைக் கொண்டு முன்கூட்டியே செய்துவைத்திருந்தால் நலம், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாம். பென்டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் எஃப்12 அல்லது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் வேறொரு விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் ஒரே பென்டிரைவின் பெயர் இரண்டு இடங்களில், ஒன்றில் மட்டும் ‘யு.இ.எஃப்.ஐ.’ என்ற முன்னொட்டோடு, காணப்படலாம். இவை துவங்கும் முறைகள் இரண்டு; கம்ப்யூட்டர் முன்பு எந்த முறையில் துவங்கிவந்ததோ அதே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றித் தேர்ந்தால் கடைசிக் கட்டத்தில் மீட்பு நின்றுவிடும், காரணம் விளங்காமல் பிரதியையே சந்தேகிப்பீர்கள். முறை சரியென்றால் ‘ரிப்பேர்’ என்ற வாசலுக்குள் போய், எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி, இமேஜைக் காட்டிவிட்டு, காபி குடிக்கப் போகலாம். நூற்றுக்கணக்கான ஜி.பி. இறங்க மணிக்கணக்காகும், அதுவரை யு.பி.எஸ். தாங்க வேண்டும், ஆகையால் மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் இதைத் தொடங்காதீர்கள்.

பிட்லாக்கர் என்ற பூட்டு பல புது லேப்டாப்புகளில் உரிமையாளருக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கிறது. தாய்ப்பலகை மாறினாலோ, டிஸ்க்கை வேறு யந்திரத்தில் பொருத்தினாலோ, அது 48 இலக்கங்கள் கொண்ட ஒரு சாவியைக் கேட்கும். அச்சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கக்கூடும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் போன கம்ப்யூட்டருக்குள் இருந்தது என்றால் வாசலுக்கு உள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய நிலைதான். காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

இவ்வளவையும் செய்தவர்கள்கூட ஒன்றைச் செய்வதில்லை: எடுத்த பிரதியிலிருந்து மீட்டுப் பார்ப்பது. 2017 ஜனவரி 31-ஆம் தேதி, மென்பொருள் எழுதுவோருக்கே சேவை செய்யும் கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறான யந்திரத்தில் தரவுகளை அழித்துவிட்டார். பிரதி எடுக்க அங்கே ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. அவசரத்தில் கைவைத்துப் பார்த்தபோது ஐந்தில் ஒன்றுகூட ஒழுங்காகப் பயன்படவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு காரியத்துக்காக ஓர் ஊழியர் யதேச்சையாக எடுத்துவைத்த படிதான் அவர்களைக் காப்பாற்றிற்று. தினமும் பிரதி எடுக்கப்படுகிறது என்ற நம்பிக்கை இருந்தது. எடுக்கப்பட்டதைத் திறந்து பார்த்தவர் இல்லை.

சோழர்கள் இந்த விஷயத்தில் தேர்ந்தவர்கள். கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடி வைத்தியநாதர் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று முதலாம் ராஜராஜன் தன் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், சுமார் 1013-இல், ஆணையிட்டபோது, சுவரை இடிக்கும் முன்பு அதில் வெட்டியிருந்த சாசனங்களையெல்லாம் புத்தகத்தில் படி எடுத்துக்கொள்ளுமாறும் கட்டளையிட்டான். விமானம் எழும்பிய பிறகு, அவன் மகன் ராஜேந்திரனின் பதினான்காம் ஆட்சியாண்டில், சுமார் 1026-இல், அந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சாசனங்கள் புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இடையில் பதின்மூன்று ஆண்டுகளும் ஓர் அரசனின் மரணமும் கடந்திருக்கின்றன. படி எடுக்கச் சொன்னவன் வேறு, மீட்டவன் வேறு. ஆயினும் புத்தகம் இருந்த இடம் தெரிந்திருந்தது, அதை வாசிக்கத் தெரிந்த ஆளும் இருந்தார். வீட்டுப் பிரதி எந்த பீரோவில், எந்தக் கடவுச்சொல்லோடு இருக்கிறது என்பது குடும்பத்தில் இன்னொருவருக்கு அவசியம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் எனக்குக் கிடைக்கவில்லை.

நாள் மறந்துபோகிறது என்பவர்களுக்குத் திருவண்ணாமலையில் சாக்குச் சொல்ல வழியில்லை. பௌர்ணமி தோறும் பதினான்கு கிலோமீட்டர்ப் பாதை முழுவதும் கிரிவலக் கூட்டம் நிறைந்து, வண்டிகள் நகர முடியாமல் வீட்டோடு இருக்க நேரும் ஊர் இது. அந்த மாலையைப் பிரதி எடுப்பதற்கு ஒதுக்கிவிடலாம். வரும் பௌர்ணமியன்று பிரதி எடுத்து முடித்ததும், அந்த டிஸ்க்கை வேறொருவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி, பழைய புகைப்படம் ஒன்றையும், தமிழில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றையும், கணக்குக் கோப்பு ஒன்றையும் திறந்து பாருங்கள். மூன்றில் ஏதாவது ஒன்று திறக்காவிட்டால் அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள்.